அப்பாருகிட்ட யாரு கேட்டா?

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவருக்குச் சதைப் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டால், வீட்டுத் திண்ணையில் பேச்சு பெரும்பாலும் இரண்டு வழியில்தான் போகும். ஒன்று, ‘இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம், உடம்பு தாங்காது.’ இன்னொன்று, ‘காட்டை வித்தாவது பாத்துரணும், நாளைக்கு ஊரு ஒரு சொல்லு சொல்லீரக் கூடாது.’ முதல் பேச்சில் முடிவெடுப்பது வயது. இரண்டாவதில் முடிவெடுப்பது மகன்களின் மானம். நோயாளியின் உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சமிருக்கிறது என்ற கேள்வி இரண்டிலும் வருவதில்லை. முதியவர்களின் புற்றுநோய் குறித்துக் கடந்த இருபதாண்டுகளில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று தெரிகிறது.

வயது என்று நாம் நம்பும் எண்ணையே கொஞ்சம் சந்தேகிக்கலாம். ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் எழுபதைத் தாண்டியவர்களில் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. குத்துமதிப்பாகச் சொன்ன ஆண்டும், ஜனவரி 1 என்ற தேதியும் ஆதார் அட்டையில் ஏறி, அங்கிருந்து மருத்துவமனைச் சீட்டுக்கும் வந்துவிடுகின்றன. அந்தக் குத்துமதிப்பு எண்தான் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. எண் சரியாகவே இருந்தாலும் அது சொல்வது கொஞ்சம்தான். பரமத்தி வேலூர்க் கொடிக்காலில் இன்றும் குனிந்து வேலை செய்யும் 76 வயதுக்காரரும், முப்பது வருடம் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமாக உட்கார்ந்துவிட்ட 63 வயதுக்காரரும் ஒரே நோயோடு ஒரே வாசலில் நிற்கலாம். மருந்தை யார் தாங்குவார் என்று வயதை மட்டும் வைத்துச் சொன்னால் தப்பாகிவிடலாம்.

உலகம் முழுக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘ஜி-8’ என்ற எளிய கேள்வித்தாளைப் பாருங்கள். எட்டே கேள்விகள், மொத்தம் 17 மதிப்பெண். 14-ம் அதற்குக் கீழும் எடுத்தவரை முழுமையாகச் சோதிக்க வேண்டும். இதில் வயதுக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண்தான். மூன்று மாதத்தில் எடை குறைந்ததா என்பதற்கு 3. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்பதற்கு இன்னொரு 3. சாப்பாடு குறைந்ததா, கட்டிலை விட்டு எழுந்து வெளியே நடமாடுகிறாரா, ஞாபகமும் மனசும் எப்படி, மூன்றுக்கு மேல் மாத்திரை போடுகிறாரா என்பவை மற்றவை. ஒரு கேள்வி மட்டும் கொஞ்சம் வேடிக்கையானது: உங்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டால் உங்கள் உடம்பு எப்படி இருப்பதாக நினைக்கிறீர்கள்? நம் பெரியவர்கள் இதற்கு மிகத் துல்லியமாகப் பதில் சொல்வார்கள். யார் கோல் ஊன்றுகிறார்கள், யார் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்ற கணக்கு அவர்களிடம் விரல்நுனியில் இருக்கிறது.

இது வெறும் காகித விளையாட்டு என்று தோன்றலாம். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 500 பேரை வைத்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், கீமோவின் கடும் பக்கவிளைவு 53 சதவீதத்தினருக்கு வந்தது. யாருக்கு வரும் என்பதை, மருத்துவர்கள் கண்ணால் பார்த்துப் போடும் வழக்கமான உடல்திறன் மதிப்பெண்ணால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ரத்தச்சோகை, சிறுநீரகத்தின் நிலை, மருந்தின் அளவு ஆகியவற்றோடு சேர்த்துக் கேட்ட சின்னக் கேள்விகள் பிரித்துக் காட்டின: ஆறு மாதத்தில் கீழே விழுந்தீர்களா, ஒரு தெரு தூரம் நடக்க முடிகிறதா, மாத்திரையை நீங்களே எடுத்துப் போடுகிறீர்களா, காது கேட்கிறதா. 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் எளிது. ரத்தப் புற்றுநோய்கள் வந்த, 75 வயதைத் தாண்டிய 448 பேரை நான்கு மீட்டர் நடக்கச் சொல்லி நேரம் பார்த்தார்கள். நடை எவ்வளவு மெதுவோ அவ்வளவுக்கு மரண அபாயம் கூடியது. நான்கு மீட்டர் என்பது நம் ஊர் ஓட்டு வீட்டு ஆசாரத்தின் நீளம். இதற்கு ஸ்கேனும் வேண்டாம், காப்பீட்டு அட்டையும் வேண்டாம்.

அளந்த பிறகு என்ன மாறும்? 2021-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘கேப் 70 பிளஸ்’ ஆய்வில், முற்றிய புற்றுநோயோடு வந்த, எழுபதும் அதற்கு மேலும் வயதானவர்கள் 718 பேர். பாதி மருத்துவர்களிடம் நோயாளியின் நடை, நினைவு, சாப்பாடு, வீட்டுத் துணை பற்றிய அறிக்கையும், அதற்கேற்ற யோசனைகளும் கொடுக்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கம்போல வைத்தியம் செய்தார்கள். கடும் பக்கவிளைவு வழக்கமான குழுவில் 71 சதவீதம், அறிக்கை கிடைத்த குழுவில் 51. கீழே விழுந்தவர்கள் 21-லிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். மருந்தைக் குறைத்துத் தொடங்கியதால் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளியான பிரிட்டனின் ‘ஜிஓ2’ ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய் வந்த தளர்ந்த முதியவர்கள் 514 பேருக்கு முழு அளவு, 80 சதவீதம், 60 சதவீதம் என்று மூன்று அளவில் கீமோ கொடுத்தார்கள். முழு அளவு வாங்கியவர்கள் சராசரியாக 7.5 மாதம் வாழ்ந்தார்கள். 60 சதவீதம் வாங்கியவர்கள் 7.6 மாதம். குறைவாக வாங்கியவர்களுக்கு உபத்திரவமும் குறைவு. ‘காட்டை வித்தாவது’ பேசுகிறவர்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டிய எண்கள் இவை.

அதற்காக ‘எதுக்குங்க இதெல்லாம்’ கட்சி ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 80 வயதைத் தாண்டிய 149 பேருக்கு, வேகமாகப் பரவும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு, வழக்கமான கூட்டு மருந்தையே அளவு குறைத்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து 59 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். இதே நோயை நம் ஊரில் 82 வயதில் கண்டால், மருந்து என்ற பேச்சே எடுக்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போகும் வாய்ப்புதான் அதிகம். வயதானவர்களுக்கு லேசான மாத்திரை போதும் என்ற கருணையும் எப்போதும் பலிப்பதில்லை. 65 வயதைத் தாண்டிய மார்பகப் புற்றுநோயாளிகள் 633 பேரை வைத்து நடந்து, 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாத்திரை மட்டும் வாங்கியவர்களைவிட வழக்கமான கீமோ வாங்கியவர்களே நன்றாக இருந்தார்கள். எங்கே குறைப்பது, எங்கே குறைக்கக் கூடாது என்பதை நோயும் உடம்பும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் உடம்பில் பார்த்த கணக்கு என்று ஒரு வாதம் உண்டு. நியாயம்தான், பாதி அளவுக்கு. அங்கேயே முதியவர்களை ஆய்வில் சேர்ப்பது நெடுங்காலம் குறைவாக இருந்தது. தொண்ணூறுகளில் அமெரிக்கப் புற்றுநோயாளிகளில் 63 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களிலோ அவர்கள் 25 சதவீதமே. நம் நாட்டில் முதியவர்களுக்கென்றே நடந்த ஆய்வுகள் குறைவு. ஆனாலும் தெம்பு குறைந்தவர்களுக்கு உதவும் செய்திகள் இங்கிருந்தே வந்திருக்கின்றன. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய 422 பேரில் ஒரு பாதிக்கு நரம்பில் ஏற்றும் சிஸ்பிளாட்டினும், மறு பாதிக்கு வீட்டிலேயே விழுங்கும் மலிவான மாத்திரைகளும் கொடுத்து 2020-இல் முடிவை வெளியிட்டது. மாத்திரைக் குழு சராசரியாக வாழ்ந்தது 7.5 மாதம், ஊசிக் குழு 6.1 மாதம். கடும் பக்கவிளைவு முறையே 19 சதவீதம், 30 சதவீதம். சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கதிர்வீச்சோடு டோசிடாக்செல் என்ற மருந்தைச் சேர்த்தால் இரண்டாண்டு உயிர்வாழ்வு 41.7-லிருந்து 50.8 சதவீதமாக உயர்வதையும் அங்கேதான் காட்டினார்கள். வெற்றிலையும் புகையிலையும் வாயில் அடக்கிப் பழகிய நம் வட்டாரத்துக்கு இதைவிடப் பக்கத்துச் செய்தி வேறில்லை.

ஆய்வுத்தாளில் வராத இன்னொரு கணக்கு பஸ். வாய்ப் புற்றுநோய்க்கு ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சு, வைப்பதென்றால் ஆறேழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். கொல்லிமலை அடிவாரத்திலிருந்தோ வாழப்பாடிக்கு அப்பாலிருந்தோ, விழுங்கவே முடியாத ஒருவர் முப்பது தடவைக்கு மேல் போய் வர வேண்டும். கூட வருகிறவருக்கு விசைத்தறியில் அத்தனை நாள் கூலி போகும். வைத்தியம் பாதியில் நின்றுவிட்டால் அத்தனை அலைச்சலும் வீணாகலாம். எலும்புக்குப் பரவிய வலியைக் குறைக்க ஒரே தடவை வைக்கும் கதிர்வீச்சு, பல தடவை வைப்பதற்கு ஈடானது என்பது உறுதியான விஷயம். மார்பகத்துக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவையில் முடிக்கலாம் என்று 4,096 பேர் கொண்ட பிரிட்டன் ஆய்வு 2020-இல் காட்டிவிட்டது. ‘குறைந்த நாளில் முடிக்கும் முறை இவருக்குப் பொருந்துமா?’ என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது நடையை அளக்க யாருக்கு நேரம் என்பார்கள். மருத்துவர் அளக்க வேண்டியதில்லை. எட்டுக் கேள்வி கேட்கச் சில நிமிடம், அதைச் செவிலியர் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே போய்ச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பும் அதில் உண்டு. அந்தக் கைகளிலேயே ஓர் எடை இயந்திரமும் இந்தக் கேள்வித்தாளும் இருந்தால் போதும். 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். இத்தனை பேருக்கும் எப்படிப் பார்ப்பது, இருக்கும் பணத்தை இளையவர்களுக்குச் செலவிடுவதே நியாயம் என்போரும் இருக்கிறார்கள். முதியவரை அளந்து பார்த்தால், வீணாக ஏற்றும் மருந்துதான் முதலில் மிச்சமாகும்.

எடையும் நடையும் அளப்பது எளிது. எனக்கு இருக்கும் கவலை வேறு. எல்லாம் அளந்த பிறகும் ஒரு முடிவு மிச்சமிருக்கிறது, அதை எடுக்க வேண்டியவரிடம் நோயின் பெயரையே சொல்வதில்லை. ‘அப்பாருக்குத் தெரியாதுங்க, வயித்துப்புண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கோம், நீங்களும் சொல்லீராதீங்க’ என்பது புற்றுநோய் மருத்துவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய வேண்டுகோள். கட்டிலில் இருப்பவரைத் தாண்டி, வராந்தாவில் நிற்கும் மகனிடமும் மருமகனிடமும் பேசி முடிவாகிறது. பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். அந்த அம்மாவின் கையெழுத்துக்கூடச் சில சமயம் தேவைப்படுவதில்லை.

இந்த மறைப்பு எங்கே இடிக்கிறது என்பதற்கு இரண்டு சான்றுகள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தீராத நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்ட 226 பேரிடம் கேட்டார்கள். சிரமமில்லாத வைத்தியம், பழையபடி ஆகலாம் என்றால் 98.7 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். உயிர் பிழைக்கும், ஆனால் உடம்பு கடுமையாக முடங்கிவிடும் என்றபோது 74.4 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நினைவு போய்விடும் என்றபோது வேண்டாம் என்றவர்கள் 88.8 சதவீதம். அதாவது அவர்கள் பேரம் பேசியது எத்தனை மாதம் என்பதைப் பற்றியல்ல, அந்த மாதங்களில் எப்படி இருப்போம் என்பதைப் பற்றி. அடுத்தது 2023-இல் பத்தாண்டு முடிவு வெளியான ‘பிரைம் 2’ என்ற மார்பகப் புற்றுநோய் ஆய்வு. 65 வயதைத் தாண்டிய, சின்னக் கட்டியை நீக்கி ஹார்மோன் மாத்திரை போட்ட பெண்கள் 1,326 பேர். கதிர்வீச்சு வைத்தவர்களும் வைக்காதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில், 80.7, 80.8 சதவீதம், உயிரோடு இருந்தார்கள். ஆனால் அதே மார்பில் நோய் திரும்பியது வைத்தவர்களில் 0.9 சதவீதத்தினருக்கு, வைக்காதவர்களில் 9.5 சதவீதத்தினருக்கு. பத்தில் ஒரு பங்கு பயத்தைச் சுமந்துகொண்டு அலைச்சலைத் தவிர்ப்பதா, அலைந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதா? இதற்கு மருத்துவரிடமும் விடை கிடையாது, மகனிடமும் கிடையாது. நோயின் பெயர் தெரியாத பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவும் முடியாது.

சொன்னால் மனசு விட்டுப் போய்விடுவார், சோறு இறங்காது என்பார்கள். அன்பில் பிறந்த பயம் என்பதை மறுக்கவில்லை. எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், பையன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள், அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வைக்கவாவது ஒருமுறை கேட்க வேண்டாமா? காட்டுக்குக் கிணறு வெட்டியதிலிருந்து பேத்தி கல்யாணம் வரைக்கும் அவரைக் கேட்காமல் எதுவும் நடக்காத வீடுகள் இவை. மறைத்ததால் தெரியாமல் போய்விடுமா என்பதும் சந்தேகம். வார்டு வாசலில் இருக்கும் பலகையைப் படிக்கத் தெரியாதவருக்கும் பக்கத்துக் கட்டில்காரரின் தலைமுடி கொட்டுவது தெரியும். வயிற்றுப்புண்ணுக்குக் கரண்ட் வைக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். பிள்ளைகள் நோகக் கூடாது என்று அவரும் வாயைத் திறப்பதில்லை.