உப்பு அரிக்கும் படகு வண்டிகள்

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள படவேட்டில் ஓர் உழவர் வாங்கும் டிராக்டர் டிரெய்லர், அவ்வப்போது வண்ணம் பூசி வந்தால் பல்லாண்டு உழைக்கும். அவ்வூர் வழியே ஓடும் கமண்டல நதியின் நீர் செய்யாற்றில் சேர்ந்து, பின் பாலாற்றோடு வயலூர் அருகே கடலில் கலக்கிறது. அதே டிரெய்லரை அந்த முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்ப் படகு இறக்கவும் ஏற்றவும் பயன்படுத்தினால், சில ஆண்டுகளிலேயே அதன் அடிச்சட்டம் செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். இரும்பு அதே இரும்புதான், தண்ணீர்தான் வேறு.

கட்டுமரக் காலத்தில் இந்தக் கவலை இருந்ததில்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குச் சென்றவர்கள், திரும்பியதும் கட்டவிழ்த்துக் கரையேற்றினார்கள். இன்று எஞ்சின் பொருத்திய கண்ணாடியிழைப் படகுகளைக் கரைக்கு இழுக்க டிராக்டரும் சக்கர வண்டியும் தேவைப்படுகின்றன. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் சூழ்ந்தபோது மீனவர்களின் படகுகள் சாலை வழியே ஊருக்குள் வந்து உயிர்களைக் காத்ததை நாம் அறிவோம். அவசர வேளையில் படகைச் சுமக்கும் வண்டியின் அச்சு பாதி வழியில் முறிந்தால், படகு இருந்தும் பயனில்லை. எனவே, படகு வண்டியின் தேர்வு வெறும் பராமரிப்புச் செலவு சார்ந்த விஷயமன்று.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், துருப்பிடித்தல் என்னும் மின்வேதி வினை விரைவாகிறது. உப்பிலுள்ள குளோரைடு, உலோகத்தின் மேற்பரப்பில் இயல்பாக உருவாகும் காப்புப் படலத்தையும் துளைக்கிறது. மேலும், காய்ந்து படிந்த உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆகவே, வண்டி வெயிலில் உலர்ந்து நிற்பதுபோலத் தோன்றினாலும், இரவின் ஈரக்காற்றில் அரிப்பு தொடர்ந்துகொண்டே இருக்கும்.

வாங்குவோர் முன் பொதுவாக நான்கு வகைகள் உள்ளன. வண்ணம் மட்டும் பூசிய இரும்பு வண்டி விலையில் மலிவு. ஆனால், ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கிருந்து வண்ணத்தின் அடியிலேயே பரவும். இரண்டாவது, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முழுமையாகத் தோய்த்தெடுத்த இரும்பு. இதில் கீறல் விழுந்தாலும் அருகிலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். மூன்றாவது அலுமினியம். எடை குறைவு, கடலுக்கேற்ற கலவையாயின் நீடித்து உழைக்கும். ஆனால், விலை அதிகம், சிற்றூர்ப் பட்டறைகளில் அதற்கு முறையான பற்றவைப்பு கிடைப்பது அரிது. நான்காவது எவர்சில்வர். சமையலறைப் பாத்திரங்களில் பெரிதும் பயன்படும் 304 வகை, கடல்நீரில் ஊசித்துளைபோல் அரிக்கப்படும். மாலிப்டினம் கலந்த 316 வகை அதைவிடத் தாக்குப்பிடிக்கும் என்றாலும், முழு வண்டியையும் அதில் செய்வது பலருக்குக் கட்டுப்படியாகாது.

நம் கடற்கரைக்கும் நம் பட்டறைகளுக்கும் ஏற்றது துத்தநாகத்தில் தோய்த்த இரும்பே. எனினும், 'ஜி.ஐ.' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. மின்முலாம் பூசிய பாகமும் பளபளக்கும். ஆனால், அதன் பூச்சு மிக மெல்லியது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4759, ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிமனுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் வேண்டும் என்கிறது. அதாவது ஏறத்தாழ 85 மைக்ரான். பற்றவைப்பு, துளையிடல் எல்லாம் முடிந்த பிறகே தோய்க்க வேண்டும். பிறகு பற்றவைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும்.

வடிவமைப்பும் முக்கியம். உள்ளே நீர் புகுந்து தேங்கும் குழாய்ச் சட்டத்தைவிட, எல்லாப் பக்கமும் கழுவக்கூடிய திறந்த சட்டம் மேலானது. போல்ட்டும் நட்டும் சட்டத்துக்கு ஒத்த உலோகமாக இருக்க வேண்டும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட்டை முடுக்க நேர்ந்தால், இடையே மின்கடத்தா வாஷர் வேண்டும். இல்லையேல் இரு உலோகங்கள் சேருமிடத்தில் அலுமினியம் கரையும். பட்டை வில்களின் இடுக்குகளில் உப்பு தங்குவதால் அவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். நெடுந்தொலைவு ஓடி வந்த வண்டியை உடனே நீரில் இறக்கினால், சூடான சக்கரக் குடம் திடீரெனக் குளிர்ந்து, உப்புநீரைப் பேரிங்குக்குள் உறிஞ்சிக்கொள்ளும். சற்று ஆறவிட்டு இறக்குவதும், கிரீஸை முறையாக மாற்றுவதும் அச்சின் ஆயுளைக் கூட்டும்.

இந்த அறிவுக்கு நாம் வெளியே தேடிப்போக வேண்டியதில்லை. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் உலோக மாதிரிகளைக் கடற்காற்றில் வைத்து ஆராய்ந்து வருகிறது. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம், அரிப்போடு ஓயாது போராடி, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் இடம்பெற்றுள்ளன. கடலுக்கு ஏற்ற பொருளைத் தொடக்கத்திலேயே தேர்வதுதான் சிக்கனம் என்பதைப் பாலம் கட்டியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

படகு வண்டி வாங்கும் கூட்டுறவுச் சங்கங்களும் அரசுத் துறைகளும் குறைந்த விலைப்புள்ளியை மட்டும் பார்க்காமல், துத்தநாகத்தின் அளவு, பற்றவைத்த பின் தோய்த்தல், திறந்த சட்டம் ஆகிய மூன்றையும் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலேயே எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் வண்டிகளைக் கழுவ ஒரு நன்னீர்க் குழாயும் அமைய வேண்டும். எவ்வளவு நல்ல உலோகமாயினும், கடலில் இறங்கிய அன்றே நன்னீரில் கழுவப்படாவிட்டால் அதன் ஆயுள் குறையவே செய்யும்.