வட்டமும் சதுரமும் சொல்லும் வீட்டுக் கதை

எம்மிற் பலரின் வீடுகளில் அம்மம்மா, தாத்தாவின் திருமணப் புகைப்படம் இல்லை; இடப்பெயர்வில் அது தொலைந்துவிட்டது. ஆயினும் அவர்கள் அன்புற்று வாழ்ந்த கதை தொலையவேண்டியதில்லை.

உருவத்தை அப்படியே வரையாது, நிறத்தாலும் வடிவத்தாலும் உணர்த்துவதே அரூப ஓவியம். 1959ஆம் ஆண்டு லியோ லியோனி என்னும் ஓவியர் வெளியிட்ட சிறுவர் நூலில் மனித முகமே கிடையாது. கிழித்த நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் நண்பர்கள். தழுவியதும் இரண்டும் பச்சையாகிவிடுகின்றன. புகைவண்டிப் பயணமொன்றில் பேரப்பிள்ளைகளுக்குச் சஞ்சிகைத் தாளைக் கிழித்து அவர் சொன்ன கதையே அந்நூலாயிற்று.

மாணவர்களே, ஏ4 தாளொன்றைப் பாதி பாதியாக மும்முறை மடித்து விரியுங்கள். எட்டுக் கட்டங்கள் தோன்றும். நடு நான்கு கட்டங்களுக்கிடையே செல்லும் நீள மடிப்பை மட்டும் வெட்டுங்கள். பின் நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் எட்டுப் பக்கக் கைந்நூல் உருவாகும். மடித்த பின்னரே படங்களை ஒட்டுக.

அம்மம்மா சிவப்பு வட்டம், தாத்தா நீலச் சதுரம் எனக் கொள்வோம். அவர் கொழும்பில் உத்தியோகம், இவர் ஊரில் என்றால், எதிரெதிர்ப் பக்கங்களின் ஓரங்களில் ஒட்டுங்கள். இடையிலுள்ள வெறுமையே பிரிவு. சிறு வெள்ளைத் துண்டுகள் கடிதங்கள். தாத்தா மறைந்த பின்னும் வட்டத்தினுள் ஒரு நீலத் துளி இருக்கட்டும்.

பெற்றோர்களே, பக்கத்துக்கொரு தமிழ் வாக்கியத்தை மூத்தோரிடம் கேட்டு, அவர்கள் சொன்னவாறே பிள்ளைகளை எழுதச் செய்யுங்கள். பேரப்பிள்ளையின் கேள்விக்குப் பாட்டி தமிழில் விடை சொல்லும் அந்த அரைமணி நேரம், எமது வகுப்பறை தரவியலாத பாடமாகும். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவைப்போம்.