புட்டியில் தெரியாத நிறம்

கடையில் வண்ண மைப்புட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முதலில் ஏமாற்றம்தான். பச்சை, ஊதா, கரும்பழுப்பு, கடல்நீலம் என எல்லாமே கண்ணாடிக்குள் ஏறக்குறைய கறுப்பாக இருக்கும். மையில் சாயம் அவ்வளவு அடர்த்தி. புட்டியின் ஆழத்தைக் கடந்து வெளியே வர ஒளிக்கு வழியில்லை. நிப்பின் வழியே மெல்லிய படலமாகத் தாளில் இறங்கும்போதுதான் மை தன் நிறத்தைக் காட்டுகிறது. பெட்டியின் மேலுள்ள வண்ணக் கட்டத்தையும் நம்ப வேண்டாம், அது அச்சகத்தின் மை. அந்த மையாலேயே எழுதிய ஒரு துண்டுத் தாளைக் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எழுதப்போவது எத்தனை காலம் நிலைக்க வேண்டும்? வகுப்புக் குறிப்பு பரீட்சை முடியும்வரை இருந்தால் போதும். நாட்குறிப்பு அப்படியல்ல. பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டிய கடிதம் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரே நீலம் மூன்று விதமான மைகளில் கிடைக்கும். அவற்றின் ஆயுள் வேறு, பேனாவிடம் நடந்துகொள்ளும் விதமும் வேறு.

பெரும்பாலானவை சாய மைகள். இவற்றில் தண்ணீர்தான் அதிகம். அதில் கரைந்த செயற்கைச் சாயம், நிப்பு சீக்கிரம் காய்ந்துவிடாமலிருக்க கிளிசரின் போன்ற ஒரு பொருள், ஓட்டத்தைச் சீராக்க ஒரு துளி சோப்புத்தன்மை, பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒரு மருந்து, இவ்வளவே. 1856இல் லண்டனில், பதினெட்டு வயது வில்லியம் பெர்கின் கொய்னா மருந்தைச் செய்து பார்க்கும் முயற்சியில் தற்செயலாக ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டடைந்தார். இன்று கடையில் நூற்றுக்கணக்கான நிறங்கள் இருப்பதற்கு அதிலிருந்து வளர்ந்த செயற்கைச் சாயத் தொழில்தான் காரணம். சாயம் முழுவதும் கரைந்திருப்பதால் நிப்பின் அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கிலுள்ள நுண்ணிய வாய்க்காலை அடைக்காது. தண்ணீரில் அலசினால் போய்விடும். புதிதாக இங்க் பேனா எடுப்பவர் இதில் தொடங்குவதே நல்லது.

தண்ணீரில் போய்விடுவது தாளிலும் நடக்கும் என்பதுதான் இதன் குறை. ஒரு மழைத்துளி பட்டால் வரி கலைந்துவிடும். ராயல் ப்ளூ என்று விற்கும் நீலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகள் இதைக்கொண்டு எழுதி, தவறினால் அழிப்புப் பேனாவால் ஒரு கோடு இழுப்பார்கள், எழுத்து மறைந்துவிடும். உண்மையில் சாயம் எங்கும் போவதில்லை. அந்தச் சாய மூலக்கூறின் நடுவிலுள்ள கார்பன் அணு தட்டையான அமைப்பில் இருக்கும்வரைதான் அது நீலமாகத் தெரியும். அழிப்பானிலுள்ள சல்பைட் அந்தக் கார்பனோடு போய் ஒட்டிக்கொள்ள, தட்டை வடிவம் குலைகிறது. பிறகு அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில்லை. நிறமற்ற சாயம் தாளிலேயே தங்கியிருக்கிறது.

வெயில் இன்னும் கொடியது. வான்கோ 1888இல் தெற்கு பிரான்சின் மோன்மஜூர் பகுதியை வரைந்த கோட்டோவியங்களில் ஊதா மையைப் பயன்படுத்தினார். ஒளி பட்டுப் பட்டு அந்த ஊதா இன்று பழுப்பாகிவிட்டது. அவர் கண்ட நிறத்தை அருங்காட்சியகத்தில் நாம் காண்பதில்லை. சிவப்பு மைகளில் நெடுங்காலம் பயன்பட்ட ஈயோசின் என்ற சாயமும் ஒளிக்கு எளிதில் பலியாகும். அழகான ஊதா, இளஞ்சிவப்பு மைகளை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவற்றால் எழுதியதை மூடிய நோட்டில் வையுங்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாதீர்கள்.

என் மனம் அதிகம் சாய்வது இரண்டாவது வகையான இரும்பு மையின் பக்கம். மரத்தின் துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்த்தால் கிடைப்பது இது. ஐரோப்பியர்கள் கருவாலி மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய்போன்ற முடிச்சுகளிலிருந்து துவர்ப்பை எடுத்தார்கள். நம் பக்கத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் அதே வேலையைச் செய்யும். துணிக்குக் கடுக்காய்ப் பாலூட்டி, அதன்மேல் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு இழுக்கும் கலம்காரிக் கலைஞரின் கையிலும் இதே வேதியியல்தான் நடக்கிறது.

புட்டிக்குள் இந்த இரும்பு கரைந்த நிலையில் ஏறக்குறைய நிறமின்றி இருக்கும். எழுதியது காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையாத கருநீலப் பொருளாக மாறித் தாளின் இழையில் பற்றிக்கொள்ளும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரிவதற்காகத்தான் அதில் ஒரு சாயத்தையும் சேர்க்கிறார்கள். பழைய ப்ளூ-பிளாக் மைகள் நீலமாக எழுதிக் கறுத்துப்போனது இதனால்தான். பிரிட்டனில் திருமண, பிறப்புப் பதிவேடுகளை எழுதப் பதிவாளர்கள் நம்பியதும் இந்த மையையே.

வண்ணப் பிரியர்களுக்கும் இதில் இடமுண்டு. ஜப்பானின் பிளாட்டினம் நிறுவனம் 2017இல் இரும்பு மையிலேயே ஆறு வண்ணங்களைக் கொண்டுவந்தது. அதில் சிட்ரஸ் பிளாக் என்ற மை பளிச்சென்ற மஞ்சளாகத் தாளில் விழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருத்த ஆலிவ் பச்சைக்கு நகரும். ஒரு பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் முதல் வரியும் கடைசி வரியும் வேறு வேறு நிறத்தில் நிற்கும். ஒன்று மட்டும் கவனம்: இரும்பு மை அமிலத்தன்மை உள்ளது. மலிவான எஃகு நிப்பில் மாதக்கணக்கில் கிடந்தால் அரிக்கும். அடிக்கடி எழுதி, அடிக்கடி அலசுபவருக்கே இது ஏற்றது.

மூன்றாவது வகை நிறமி மை. இதில் நிறம் கரைவதில்லை, மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. தண்ணீருக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும். பேனாவுக்குள் காய விட்டால் துகள்கள் இறுகி அடைத்துவிடும். ஓவியர்கள் தொட்டு வரையும் இந்தியா இங்க்கைப் பேனாவில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு கலந்திருக்கும். உலர்ந்தால் நாக்கோடு ஒட்டிக்கொண்டு வெளியே வராது.

மை தனியாக இயங்குவதும் இல்லை, பேனாவும் தாளும் சேர்ந்துதான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் கடைந்து தரும் எபனைட் பேனாக்களைப் போல, நம் ஊர்ப் பேனாக்கள் பல, பில்லரால் உடலுக்குள்ளேயே நேராக மை ஊற்றிக்கொள்பவை. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் உள்ளே காற்று அதிகமாகிறது. கைச்சூட்டில் அது விரிந்து மையைத் தள்ள, பேனா கக்கும். தண்ணீராக ஓடும் மையை இந்தப் பேனாவில் ஊற்றினால் தொல்லை இரட்டிப்பாகும். சற்று வறண்டு ஓடும் மையே இதற்குத் தோதானது. கண்ணாடிபோன்ற உடலுள்ள பேனாவில் அடர்ந்த சிவப்பும் ஊதாவும் கறை பிடிக்கும். சாதாரண நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவி எழுத்து தடிக்கும். அங்கே மெல்லிய நிப்பு உதவும்.

இப்போது பலர் தேடுவது மினுக்கம் காட்டும் மைகளை. நீலமாக எழுதிய கோடு சாய்த்துப் பிடித்தால் தாமிரச் சிவப்பாக ஒளிரும். அளவுக்கு மிஞ்சிய சாயம் தாளுக்குள் இறங்காமல் மேலேயே படலமாகக் காய்கிறது. அந்தப் படலம் எந்த ஒளியை மிக வலுவாக உறிஞ்சுமோ, அதையே தன் மேற்பரப்பில் வலுவாகத் திருப்பியும் அனுப்புகிறது. வழவழப்பான தாளில் இது மிக அழகு. ஆனால் வியர்த்த கை பட்டால் வாரம் கழித்தும் தீற்றும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை அன்றாட மையாக வைத்துக்கொள்வது கடினம்.

நிறத்துக்கு ஊர் தரும் பொருளும் உண்டு. தமிழ்நாட்டில் பச்சை இங்க் என்றதும் சான்றொப்பம் இடும் கெஜட்டட் அதிகாரி நினைவுக்கு வருவார். பிரிட்டனின் உளவுத்துறைத் தலைவர்களும், முதல் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங் காலந்தொட்டுப் பச்சை மையிலேயே கையெழுத்திட்டு வருகிறார்கள். வீட்டுக் கடிதத்துக்குப் பச்சை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சுதேசி உணர்வில் மைத்ரா சகோதரர்கள் 1934இல் வங்கத்தில் தொடங்கிய சுலேகா, நெடுங்காலம் மூடிக்கிடந்து இப்போது மீண்டும் வண்ண மைகளைத் தருகிறது. கேரளத்தின் கிருஷ்ணா மைகளும் இருக்கின்றன. வெளிநாட்டுப் புட்டிக்குப் போகும் முன் இவற்றை எழுதிப் பாருங்கள்.

வாங்கிய மையை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தாளில் சில வரிகள் எழுதி, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரம் ஒட்டி வையுங்கள். இன்னொரு தாளில் நன்றாகக் காய்ந்த எழுத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒற்றி எடுங்கள். இரண்டு மைகளைப் பேனாவுக்குள் கலக்க வேண்டாம். சிலவற்றின் சாயங்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து திப்பியாகத் திரளும். நிறம் மாற்றும்போது தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். பேனாவில் மிஞ்சிய மையைத் திரும்பப் புட்டியில் ஊற்றினால் பூஞ்சையும் கூடவே போகும். புட்டியைப் பெட்டிக்குள் இருட்டில் வையுங்கள். மையில் நூல்போல ஏதாவது மிதந்தாலோ வாடை மாறினாலோ, எவ்வளவு பிடித்த நிறமானாலும் கொட்டிவிடுங்கள்.