கிராணி மேசைக்கு வராத கடிதம்

உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள்: தோட்டத்தில் இருந்தபோது கடிதம் எப்படி வந்தது? ரந்தாவ் அருகிலுள்ள லின்சம் தோட்டமோ, பகாவ் பக்கத்து ஜெராம் பாடாங் தோட்டமோ, பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். தபால்காரர் லயத்து வீடுகளுக்கு வரமாட்டார். கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்து வைப்பார். உறையின்மேல் ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், பக்கத்து ஊர், அவ்வளவுதான். எந்த லயம், எத்தனையாவது வீடு என்பது கிராணிக்குத் தெரிந்தால் போதும்.

மின்னஞ்சலும் இப்படித்தான் ஓடுகிறது. முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பது ஆள். பின்னால் இருப்பது தோட்டம். அனுப்பும் கணினி, "இந்தத் தோட்டத்துக்குக் கடிதம் வாங்கும் ஆபீஸ் எது?" என்று இணையத்தின் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸைக் கேட்கும். அதற்குப் பதில் சொல்லும் வரிக்கு எம்எக்ஸ் பதிவு என்று பெயர். அதைப் பயன்படுத்தும் விதிகளை 1986இல் கிரேக் பார்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் எழுதி வெளியிட்டார்.

இப்போது ஒரு கற்பனை. உங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்காக, ஒரு பழைய கணினியில் லினக்சும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளும் ஏற்றி, வீட்டிலேயே சொந்த மின்னஞ்சல் சர்வர் வைக்கிறீர்கள். அனுப்பினால் போகிறது. பதில் மட்டும் வருவதில்லை.

"அனுப்ப முடிகிறதே, சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நினைப்பதுதான் முதல் தவறு. அனுப்பும்போது நீங்கள் வெளியே போகிறீர்கள்; பெறும்போது உலகம் உங்களைத் தேடி வரவேண்டும். இரண்டும் வெவ்வேறு பாதை. இன்னொரு சங்கடமும் உண்டு. வழியிலேயே நின்றுபோன கடிதம் உங்கள் வீட்டில் எந்தத் தடயமும் வைக்காது. யாரும் எழுதவில்லையா, எழுதியது வரவில்லையா என்று காலிப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் தேடலை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள்.

முதலில் 'என்எஸ்லுக்அப்' கட்டளையால் எம்எக்ஸ் பதிவைப் பாருங்கள். அதில் ஒரு கணினியின் பெயர் இருக்கவேண்டும். பெயருக்குப் பதில் ஐபி எண்ணை எழுதிவிடுவது புதியவர்கள் செய்யும் பிழை. அடுத்து, அந்தப் பெயருக்குக் கொடுத்திருக்கும் எண் இன்றைய எண்தானா என்று பாருங்கள்.

பெரும்பாலும் இங்கேதான் கோளாறு இருக்கும். நீலாய், லாபு வட்டாரத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. குடும்பம் தாமானுக்குக் குடிபோன பிறகும் பழைய தோட்டத்துப் பெயருக்கே கடிதம் எழுதினால் வாங்க ஆள் ஏது? வீட்டு இணையத்தில் இந்த இடமாற்றம் சத்தமில்லாமல் நடக்கும். மாலை இடிமழையில் மின்சாரம் போய் வந்தால், ரௌட்டர் மறுபடி இணையும்போது வேறு ஐபி எண் கிடைக்கலாம். டிஎன்எஸ்ஸில் பழைய எண்ணே நிற்கும். நீங்கள் திருத்தினாலும், மற்றக் கணினிகள் பழைய பதிலைக் குறித்த நேரம்வரை நினைவில் வைத்திருக்கும். ரௌட்டருக்குக் கிடைத்த எண் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால் விஷயம் இன்னும் மோசம். பல வீடுகள் ஒரே பொது எண்ணைப் பங்கிடுகின்றன என்று பொருள். வெளியிலிருந்து யாரும் உங்களை நேராக அடைய முடியாது.

எண் சரி என்றால் வாசலுக்கு வாருங்கள். மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது 25ஆம் எண் போர்ட்டில். ரௌட்டர் அதைச் சர்வருக்குத் திருப்பிவிடுகிறதா? இணைய நிறுவனமே அடைத்திருக்கிறதா? வீட்டுக்குள்ளிருந்து சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். வெளியிலிருந்து 'டெல்நெட்' மூலம் தட்டிப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் கதவு திறந்திருக்கிறது. நண்பர் வீட்டு இணைப்பிலும் 25 அடைபட்டிருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று இடங்களிலிருந்து பாருங்கள்.

கடைசியாகக் கிராணியின் குறிப்பேடு, அதாவது சர்வரின் லாக் கோப்பு. நண்பரை அனுப்பச் சொல்லிவிட்டு அதைப் பாருங்கள். ஒரு வரியும் இல்லையா? கடிதம் உங்கள் வாசலைத் தொடவே இல்லை. மறுபடி டிஎன்எஸ்ஸுக்குப் போங்கள். 250 என்றால் சர்வர் வாங்கிக்கொண்டது. குப்பை அஞ்சல் பெட்டியில் தேடுங்கள். 4இல் தொடங்கும் எண் "பிறகு வா" என்பது. வட்டு நிரம்பினால் 452 வரும். 5இல் தொடங்கினால் "திரும்பிப் போ". 550 வந்தால் பெரும்பாலும் அந்தப் பெயரில் பெட்டி இல்லை. அப்போது காரணம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். எனவே எழுதியவரிடம் கேளுங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் தேடுவது அவர் பெட்டியில் ஒரு வரியாகக் கிடக்கலாம்.

வாசல் மூடியிருந்தால் கடிதம் உடனே அழிந்துவிடாது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயலவேண்டும் என்கிறது விதி. வெள்ளி இரவு அறுந்த இணைப்பைத் திங்கள் காலையில் சரிசெய்தால், இரண்டு நாள் அஞ்சலும் முன்பின்னாக வந்து இறங்கும். சங்கக் கூட்ட அறிவிப்புக்கு அது போதும். ஆனால் உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்கு வெள்ளி இரவு வந்த, பத்தே நிமிடம் செல்லும் கடவுக்குறியீடும் அந்தக் குவியலில்தான் இருக்கும். சொந்தச் சர்வர் மூன்று மாதமாவது பிசகாமல் ஓடட்டும். அதுவரை அத்தகைய விண்ணப்பங்களில் வேறு முகவரியைக் கொடுங்கள்.