கல்லுக்குள் நுழையும் கண்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களின் ஊடே செம்மநத்தத்திற்குச் செல்லும் வழியில், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளைக் காணலாம். அந்த மிளகைக் குத்தகைக்கு எடுத்து வாணிபம் செய்பவர் என் மச்சான். அறுவடைக் காலம் முழுவதும் குடும்பத்தோடு அங்கேயே தங்கி விடுவார். சென்ற அறுவடையின் போது என் தங்கையிடமிருந்து தொலைபேசி வந்தது.

“அண்ணே, பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏதோ திருடி விட்டான் என்கிறார்கள். விளையாட்டில் என்ன திருட்டு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு நடை வந்து போங்கள்.”

எனக்கும் விளங்கவில்லை. ஆயினும் புறப்பட்டுப் போனேன்.

பையனுக்கு வயது பதின்மூன்று. அவனும், சேலத்திலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அவனுடைய பெரியம்மா, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, வெள்ளிக்கிழமைகளில் இஷாத் தொழுகைக்குப் பிறகு ‘மைன்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டை இன்டர்நெட் வழியாக ஆடுகிறார்கள். கோவையில் பொறியியல் படிக்கும் மூத்தவன்தான் அதற்கான சர்வரை நடத்துபவன். பிள்ளைகள் எட்டுப் பேரும் ஓராண்டுக் காலம் சேர்ந்து கட்டிய உலகம் அது. அந்த உலகத்தினின்று இவன் விலக்கப்பட்டிருந்தான்.

அது என்ன விளையாட்டு?

நம் இல்லங்களில் பிள்ளைகள் இதை ஆடிக் கொண்டிருக்க, பெற்றோர் பலர் பெயரைக்கூட அறியாதிருக்கின்றனர். சுவீடன் நாட்டைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் ஆண்டு இதனை முதன் முதலில் வெளியிட்டார். முழு வடிவம் 2011 நவம்பரில் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதனை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி டாலர் கொடுத்து வாங்கிற்று. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருந்தது.

இவ்வுலகில் மண், மரம், பாறை யாவும் கனசதுரக் கட்டிகளே. கட்டியை உடைத்து எடுக்கலாம்; எடுத்ததைக் கொண்டு வீடு, கோட்டை, பாலம் என எதனையும் கட்டலாம். சுட்டுத் தள்ளுவதையே தொழிலாகக் கொண்ட விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் இது பிள்ளைகளின் கற்பனைக்கு நல்ல தீனி என்றே நான் கருதுகிறேன். நிலத்தடியில் நிலக்கரி, இரும்பு, தங்கம், வைரம் ஆகியவை புதைந்து கிடக்கும். வைரம் அரிது, மிக ஆழத்தில்தான் மிகுதியாகக் கிடைக்கும். 2021 நவம்பரில் வந்த திருத்தத்திற்குப் பின் அந்த ஆழம் இன்னும் கூடியது. குகைச் சுவர்களில் வெளியே தெரியும்படி வைரம் கிடப்பதும் குறைந்தது. மணிக்கணக்கில் இருட்டுச் சுரங்கம் தோண்டினால்தான் நாலைந்து வைரம் கண்ணில் படும். அந்த உழைப்பால்தான் அதற்கு மதிப்பு.

இங்குதான் ‘எக்ஸ்ரே மோட்’ என்பது வருகிறது. மோட் என்பது விளையாட்டின் மேல் ஒட்டிக் கொண்டு அதன் நடத்தையை மாற்றும் சிறு மென்பொருள். எக்ஸ்ரே மோடைப் பொருத்தி ஒரு விசையை அழுத்தினால் பாறையும் மண்ணும் கண்ணாடிபோல் மறைந்து, வைரமும் தங்கமும் மட்டும் அந்தரத்தில் மின்னும். நேராகப் போய் எடுத்துக் கொள்ள வேண்டியதுதான்.

இது எவ்வாறு இயலுகிறது என்று பையனே எனக்கு விளக்கினான். சர்வர் ஒவ்வொரு ஆட்டக்காரரின் கணிப்பொறிக்கும் சுற்றுப்புற நிலத்தின் முழு விவரத்தையும் அனுப்பி விடுகிறது. பாறைக்குள் இருக்கும் வைரமும் அதில் அடக்கம். வெளியே தெரியும் பக்கங்களை மட்டும் வரைந்து காட்டி, மற்றதை மறைத்து வைப்பது ஆட்டக்காரரின் கணிப்பொறியே. மோட் அந்த மறைப்பை நீக்குகிறது, அவ்வளவுதான். கேட்டுக் கொண்டிருந்த எனக்குச் சுரீர் என்றது. முழுப் பொருளையும் கையில் கொடுத்து, “நேரம் வரும் வரை திறந்து பாராதே” என்று நம்பி ஒப்படைப்பதற்கு நம்மிடம் ஒரு பெயர் உண்டல்லவா? அமானிதம்.

“அதைத்தானே தம்பி நீ திறந்து பார்த்திருக்கிறாய்?” என்றேன். அவன் தலை குனிந்து கொண்டான்.

பையன் பக்கத்து நியாயம்

அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துமுன் அவன் சொன்னதையும் கேட்க வேண்டும். மலையில் மழையும் பனியும் வந்தால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். மற்றப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் ஆடினால் இவனுக்கு அரை மணி கிடைப்பதே அரிது. அவர்கள் வைரக் கவசம் அணிந்து உலவ, இவன் மட்டும் இரும்பு வாளோடு நின்றிருக்கிறான். சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் கேலி செய்திருக்கிறான். “நான் யாருடைய பொருளையும் எடுக்கவில்லை, மாமா. மண்ணுக்குள் கிடந்ததைத்தான் எடுத்தேன். யாருக்கு நஷ்டம்?” என்று கேட்டான்.

எளிதில் தள்ளி விடக் கூடிய கேள்வியன்று இது. தனியே, தன் கணிப்பொறியில், தனக்கென ஓர் உலகம் வைத்துக் கொண்டு ஒரு பிள்ளை கல்லை ஊடுருவிப் பார்க்குமானால் அதில் தவறு காண எனக்குக் காரணம் புலப்படவில்லை. பாறைகளுக்குள் புகுந்து பார்க்கும் ‘பார்வையாளர்’ முறை ஒன்றை விளையாட்டைச் செய்தவர்களே 2014-இல் சேர்த்திருக்கின்றனர். பூமிக்கடியில் குகைகள் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று அறிய அது நல்ல வழி. இவன் வாழும் சேர்வராயன் மலையின் உச்சிகளிலேயே பாக்சைட் தாது உண்டு; பல ஆண்டுகள் வெட்டி எடுத்து மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு சென்றார்கள். அந்தத் தாது இருக்கும் இடத்தை அறிய எவருக்கும் எக்ஸ்ரே கண் இருக்கவில்லை. குழி தோண்டியும் துளையிட்டும் மாதிரி எடுத்துப் பார்த்துத்தான் அறிந்தார்கள். இதனைச் சொன்னபோது பையன் முகத்தில் முதன்முறையாகச் சிறிது ஒளி தோன்றிற்று.

ஆனால் எட்டுப் பேர் கூடி, “எவரும் எக்ஸ்ரே பயன்படுத்தக் கூடாது” என்று தொடக்கத்திலேயே ஒப்புக் கொண்ட இடம் வேறு. ஒப்புக் கொண்ட நிபந்தனைக்கு முஸ்லிம் கட்டுப்பட்டவர் என்பது மார்க்கத்தில் சிறுவரும் அறிந்த பாடம். அங்கே நஷ்டம் வைரத்தில் இல்லை. ஒரு மாதம் தோண்டி ஒன்பது வைரம் சேர்த்த பிள்ளையின் உழைப்பு, ஒரே இரவில் அறுபது கொண்டு வந்தவன் முன் ஒன்றுமில்லாமற் போகிறதே, அங்கேதான் நஷ்டம்.

மச்சான் அதுவரை பேசாமல் மிளகு புடைத்துக் கொண்டிருந்தார். ஒரு கைப்பிடி மிளகை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். “நல்ல மிளகு அடியில் போய்விடும். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும். வாங்குகிறவர் கண்ணுக்கு மூட்டையில் இரண்டும் ஒன்றுதான்” என்றார். பிறகு மதீனத்துக் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கை விட்டுப் பார்க்க, விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை மகனுக்குக் கூறினார். மழையில் நனைந்து விட்டது என்று வணிகர் சொன்னதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவரைக் கண்டித்தார்கள் அண்ணலார். முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ள செய்தி இது.

எப்படிப் பிடித்தார்கள்?

மூத்தவன் கணக்குப் பார்த்தே பிடித்திருக்கிறான். நேர்மையாகத் தோண்டுபவனின் சுரங்கம் நீண்டு கிடக்கும். பெரும்பாலும் வெறுங்கையோடு முடியும். எக்ஸ்ரே வைத்திருப்பவனின் சுரங்கமோ ஒரு வைரத்திலிருந்து அடுத்த வைரத்திற்கு வளைந்து வளைந்து போகும். உடைத்த கல் எத்தனை, கிடைத்த வைரம் எத்தனை என்று ஒப்பிட்டால் மீதியும் வெளிப்பட்டு விடும்.

உலகப் புகழ் பெற்ற ‘ட்ரீம்’ என்னும் ஆட்டக்காரரும் கணக்கிலேதான் அகப்பட்டார். குறைந்த நேரத்தில் விளையாட்டை முடித்த அவருடைய பதிவுகளை ஆராய்ந்த நடுவர்கள், 2020 டிசம்பரில் 29 பக்க அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். அவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம் இயல்பாக வாய்க்க ஏழரை லட்சம் கோடியில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு என்றது அது. மறுத்து வந்தவர், 2021 மே மாதத்தில், தம் விளையாட்டில் மோட் ஒன்று இருந்ததை ஒப்புக் கொண்டார். தாம் அறியாமல் நேர்ந்தது என்றார். அல்லாஹ்வே அறிந்தவன்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. கண்ட இடத்திலிருந்து மோட் இறக்குவது வீட்டுக் கதவைத் திறந்து போடுவதற்கு ஒப்பாகும். 2023 ஜூன் மாதத்தில், பலரும் நம்பிப் பயன்படுத்தும் ‘கர்ஸ்ஃபோர்ஜ்’ தளத்திலேயே சில மோட்களுக்குள் ‘ஃபிராக்சரைசர்’ என்னும் நச்சு நிரல் புகுத்தப்பட்டிருந்தது. கணிப்பொறியில் சேமித்த கடவுச் சொற்களை அது திருடக் கூடியது. அத்தா வங்கிக் கணக்குப் பார்க்கும் அதே கணிப்பொறியில்தான் இவனும் விளையாடுகிறான்! அன்று மாலையே மச்சான் தம் கடவுச் சொற்களை எல்லாம் மாற்றினார்.

பெட்டிக்குள் இருந்தது

இதுவரை வைரக் கதை. இரவு உணவுக்குப் பின்னர்தான் பையன் மீதியைச் சொன்னான்.

எக்ஸ்ரே மோட் வைரத்தை மட்டும் காட்டுவதில்லை. பிறர் மறைத்து வைத்த பெட்டிகளையும், சுவருக்குப் பின்னால் கட்டிய அறைகளையும் காட்டும். சேலத்திலிருக்கும் ஒன்பது வயதுத் தங்கச்சி, கடலுக்கடியில் ஓர் அறை கட்டி, அதற்குள் பெட்டி ஒன்றை ஒளித்து வைத்திருந்தாள். இவன் சுவர்களின் ஊடாக அதைக் கண்டு, போய்த் திறந்து பார்த்திருக்கிறான். உள்ளே ஒரு புத்தகம். அந்த விளையாட்டில் புத்தகத்தில் எழுதவும் செய்யலாம். சென்ற ஆண்டு மவ்த்தான தன் நன்னாவுக்கு அவள் எழுதி வந்த கடிதங்கள் அதில் இருந்தன. இவன் எதையும் எடுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஆடிக் கொண்டிருந்தபோது, “நீ நன்னாவுக்குக் கடிதம் எழுதுகிறாயாமே” என்று சிரித்துக் கொண்டே கேட்டு விட்டான். அவள் அன்றிலிருந்து விளையாட வரவில்லை. சர்வரினின்று இவன் நீக்கப்பட்டதற்கு வைரம் பாதிக் காரணமே.

என் தங்கை அதுவரை வாசற்படியில் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். பிறர் இல்லத்தில் அனுமதியும் சலாமும் இன்றி நுழையலாகாது என்னும் சூரத்துந் நூரின் 27-ஆம் வசனத்தையும், துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தையும் மகன் மதரஸாவில் ஓதியவனே. நாயகம் (ஸல்) அவர்களின் அறையைத் துவாரத்தின் வழியே ஒருவர் எட்டிப் பார்த்தபோது, கையில் சீப்பு வைத்திருந்த அண்ணலார் கடுமையாகக் கண்டித்ததையும், அனுமதி கேட்கும் முறை வந்ததே பார்வையின் பொருட்டுத்தான் என்று விளக்கியதையும் அவள் நினைவூட்டினாள். நுழைவது மட்டுமன்று, பார்ப்பதே அத்துமீறல். “அது நிஜ வீடு இல்லையே அம்மா” என்றான் பையன். “அந்தக் கடிதம் நிஜம்தானே” என்றாள் அவள்.

மறுநாள் சுப்ஹுக்குப் பிறகு, நான் சொல்லாமலே, மோடை அழித்தான். மூத்தவனிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒப்புக் கொண்டான். வைரங்களைப் பொதுப் பெட்டியில் போட்டு விடுவதாகச் சொன்னான். மூத்தவன் அவனை மீண்டும் சேர்த்துக் கொண்டதோடு, சர்வரிலும் ஒரு மாற்றம் செய்தான். பாறைக்குள் இருப்பதை இனி உள்ளபடி அனுப்பாமல், வெறும் கல் என்றே அனுப்பும். பக்கத்துக் கட்டியை உடைத்தால் மட்டுமே உண்மை தெரியும். இப்படிப்பட்ட தடுப்பு முறைகள் முன்பிருந்தே உண்டாம். “நம் பிள்ளைகளுக்குள் எதற்கு என்று வைக்காமல் இருந்தேன், மாமா” என்று என்னிடம் சொன்னான்.

மிளகு வியாபாரம் முடிந்து சேலம் இறங்கியதும், பையன் முதல் வேலையாகச் சித்தப்பா வீட்டுக்குப் போய் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறான். “மன்னித்து விட்டேன்” என்றாளாம். இப்போது வெள்ளிக்கிழமைகளில் விளையாடவும் வருகிறாள். பெட்டியை மட்டும் வேறு எங்கோ மாற்றி விட்டாள். எங்கே என்று எவருக்கும் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.