பொங்கலுக்கு ஊருக்குப் போகுமுன் ஒரு கோவிட் சோதனை

2021 நவம்பர் 26 அன்று நார்வேயின் தலைநகர் ஓஸ்லோவில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து நடந்தது. ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர் ஓர் உணவகத்தில் கூடினார்கள். அநேகமாக எல்லோரும் இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்கள். வருவதற்கு ஓரிரு நாள் முன்னதாக வீட்டிலேயே கிட் வைத்துச் சோதித்துவிட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. அப்படியும், பிறகு விசாரிக்கப்பட்ட 111 பேரில் 81 பேருக்குக் கோவிட் கிருமியின் ஒமிக்ரான் வகை தொற்றியிருந்தது. 66 பேருக்கு உறுதியாக, மற்ற 15 பேருக்குப் பெரும்பாலும் அதுதான் என்று கணக்கிட்டார்கள்.

இதைப் படித்தால், சோதனை செய்வதே வீண் என்று தோன்றும். வீண் இல்லை. நெகட்டிவ் என்ற ரிசல்ட் நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டு செய்தால் அது பெரிய உதவி. தெரியாமல் செய்தால் தைரியத்தை மட்டும் தரும். அந்தத் தைரியத்தோடு நாம் போய் உட்காரும் இடம் எண்பது வயது அப்பாவின் கட்டில் ஓரம் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இது இன்னும் தேவையா? உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கோவிட் நெருக்கடி நிலையை விலக்கிக்கொண்டது. கிருமி விலகிவிடவில்லை, அவ்வப்போது தலைகாட்டுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இப்போது அது நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி. டயாலிசிஸ் செய்துகொள்பவர், சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர், புற்றுநோய்க்கு கீமோ எடுப்பவர், நுரையீரல் பலவீனமானவர், வயது மிக முதிர்ந்தவர் ஆகியோருக்கு அது இன்றும் ஆபத்துதான். ஊரில் உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அல்லது பிறந்து சில வாரமே ஆன குழந்தை இருந்தால், போகுமுன் சோதித்துக்கொள்வது நல்லது. எல்லோரும் திடகாத்திரமாக இருக்கும் வீட்டுக்கு, உங்களுக்கும் இருமல் தும்மல் எதுவும் இல்லாதபோது, கிட் வாங்கிச் செலவழிக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

சோதனை இரண்டு வகை. மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே செய்வது ஆன்டிஜென் கிட். இந்தியாவில் 2021 மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) முதன்முதலில் அனுமதித்த வீட்டுக் கிட், புனேயிலுள்ள மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப். அப்போது விலை 250 ரூபாய். மூக்கில் எடுத்த சளி ஒரு திரவத்தில் கலந்து, பட்டையில் ஊறி நகர்கிறது. அதில் கிருமியின் புரதம் இருந்தால், பட்டையில் பதித்திருக்கும் எதிர்ப்பொருளில் சிக்கி ‘டி’ என்ற இடத்தில் கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும்படி கோடு விழ வேண்டுமானால் புரதம் ஏராளமாக இருக்க வேண்டும்.

மற்றொன்று லேபில் செய்யும் ஆர்டிபிசிஆர். அது கிருமியின் மரபுப் பொருளை எடுத்து நகல் எடுக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முப்பது சுற்று முடியும்போது ஒரே ஒரு துணுக்கு நூறு கோடியைத் தாண்டிவிடும். அதனால் மிகக் கொஞ்சமாக இருப்பதையும் பிடித்துவிடும். காய்ச்சல் விட்டு ஆள் தேறிப் பல வாரம் ஆன பிறகும், செத்துப்போன கிருமியின் மிச்சத்தைப் பிடித்து பாசிட்டிவ் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். போன மாதம் கோவிட் வந்து குணமானவர் ஊருக்குப் போகுமுன் ஆர்டிபிசிஆர் எடுத்துவிட்டு வீணாகக் கலங்க வேண்டாம். அவருக்குக் கிட்டே பொருத்தம்.

பலரும் லேப் சோதனைதான் உசத்தி, கிட் மட்டம் என்று நினைக்கிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க லேப் உசத்திதான். ஆனால் ஊருக்குப் போகிறவரின் கேள்வி வேறு: “இன்றைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு ஒட்டிக்கொள்ளுமா?” மூக்கில் கிருமி மண்டிக் கிடக்கும் நாட்களில்தான் ஒருவர் அதிகம் பரப்புவார், அந்த நாட்களில்தான் கிட்டிலும் கோடு விழும். கிட் பதினைந்து நிமிடத்தில் பதில் சொல்லும். லேப் ரிசல்ட் கைக்கு வர ஒரு நாளாகலாம். அந்த ஒரு நாளில் மூக்கில் நிலைமை மாறிவிடக்கூடும்.

நாள் கணக்குதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. தொற்றிய மறுநாளே எந்தச் சோதனையும் காட்டாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் முதல் அலைக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் கணித்துச் சொன்னது இது: தொற்றிய முதல் நாளில் ஆர்டிபிசிஆர் சோதனையே நூற்றுக்கு நூறு பேரையும் தவறவிடும். நாலாவது நாளில் 67 பேரைத் தவறவிடும். அறிகுறி தோன்றும் ஐந்தாம் நாளில் 38. அதற்கு மூன்று நாள் கழித்து எடுத்தால்தான் தவறு 20ஆகக் குறைகிறது. ஒமிக்ரான் வந்த பிறகு எல்லாமே வேகமாகிவிட்டது. ஓஸ்லோ விருந்தில் தொற்றியவர்களில் பாதிப்பேருக்கு மூன்று நாளுக்குள் அறிகுறி வந்துவிட்டது. நாட்கள் சுருங்கின; வரிசை மாறவில்லை. உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்க, சோதனை நெகட்டிவ் என்று சொல்லும் இடைவெளி ஒன்று எப்போதும் உண்டு.

வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, இப்போது மழை இல்லை என்று சொல்வது போலத்தான் நெகட்டிவ் ரிசல்ட். சாயங்காலத்துக்கு அது உத்தரவாதம் தராது. புதன்கிழமை எடுத்த சோதனையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை தாத்தாவைக் கட்டிப்பிடிப்பதில் பொருளில்லை.

ஆகவே ஒரு சோதனை போதாது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022 ஆகஸ்டில் சொன்ன முறை எளிது. அறிகுறி இருப்பவர், முதல் கிட் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று செய்ய வேண்டும். அறிகுறி இல்லாதவர் 48 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று செய்ய வேண்டும். மூன்று கிட்டுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு நான் சொல்வது: ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் அதைக் கிளம்பும் நேரத்துக்கு மிக நெருக்கமாகச் செய்யுங்கள். இரண்டு என்றால், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்று, பெட்டி கட்டி முடித்த பிறகு ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த அறிகுறியும் இல்லாத 1,000 பேர் ஊருக்குக் கிளம்புகிறார்கள்; அவர்களில் 20 பேருக்குத் தொற்று. ஒரு முறை செய்யும் கிட் அதில் பாதியைப் பிடிக்கிறது என்று கொள்வோம். பத்துப் பேர் நின்றுவிடுகிறார்கள். மிச்சம் 990 பேரில் பத்துப் பேர் நெகட்டிவ் ரிசல்ட்டோடு வண்டி ஏறுகிறார்கள். ஐம்பதில் ஒருவர் என்றிருந்த அபாயம் ஏறத்தாழ நூறில் ஒருவராகிறது. இது நல்ல லாபம்தான். இப்போது ஊரெங்கும் தொற்று பரவும் சமயத்தில், காய்ச்சலும் இருமலும் உள்ள 1,000 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்குத் தொற்று. கிட் 200 பேரைப் பிடித்துவிட்டது. நெகட்டிவ் வந்த 800 பேரில் இன்னும் 100 பேர் கிருமியோடு இருக்கிறார்கள். எட்டில் ஒருவர்! கிட் இங்கே முன்னதைவிடத் திறமையாகவே வேலை செய்திருக்கிறது. ஆனாலும் மிஞ்சும் அபாயம் பல மடங்கு. தொண்டை கரகரக்கும்போது “கிட் நெகட்டிவ்தான், போகலாம்” என்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. அறிகுறி உள்ளவர் கிட்டில் நெகட்டிவ் என்றால் உடனே ஆர்டிபிசிஆர் எடுக்க வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரும் 2021இல் சொன்னது. கிட்டில் பாசிட்டிவ் என்றால் மறுசோதனை வேண்டாம், அதையே உறுதியாகக் கொள்ளலாம் என்றும் சொன்னது.

சோதனையை எப்படிச் செய்வது என்பதைக் கிட்டோடு வரும் தாளே விளக்கும். பலர் தவறவிடும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டை வைக்காதீர்கள். பஞ்சுக் குச்சியை மூக்கு நுனியில் மட்டும் தடவி எடுத்தால் பயனில்லை. தாளில் சொன்ன ஆழத்துக்கு விட்டு, சொன்ன அளவு சுற்ற வேண்டும், இரண்டு நாசியிலும். கூச்சமாக இருக்கும், கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். கிட் சரியாக வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ கோடு விழவில்லை என்றால் அந்தக் கிட் செல்லாது. ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துப் பார்த்து, இல்லை என்று நம்மை நாமே நம்பவைக்கக் கூடாது. தாளில் குறித்த நேரம் தாண்டிய பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்கவும் கூடாது.

இனி பயணம். சென்னையில் கிளம்பும் மாலை நெகட்டிவ். கிளாம்பாக்கத்தில் ஏறி, கண்ணாடி மூடிய ஏசி ஆம்னி பஸ்ஸில் இரவு முழுக்க முப்பது நாற்பது பேரோடு ஒரே காற்று. அங்கே தொற்றினால் மறுநாள் காலை நீங்கள் ஊரில் இறங்கும்போது எந்தக் கிட்டும் காட்டாது. போகிக்கு முந்தின இரவு பஸ் ஏறினால், மாட்டுப்பொங்கலுக்கும் காணும் பொங்கலுக்கும் வீடு நிறைய உறவினர்கள் கூடும் நேரத்தில்தான் உங்கள் மூக்கில் கிருமி பெருகத் தொடங்கியிருக்கும். அதனால் பஸ்ஸில் என்95 மாஸ்க் போட்டுக்கொள்வது, கிளம்புமுன் செய்த சோதனைக்குச் சமமான காரியம். சாப்பிட இறங்கும்போது வெளியில் கழற்றுங்கள்; உள்ளே ஏறியதும் போடுங்கள். கையில் இன்னொரு கிட் இருந்தால் ஊருக்கு எடுத்துப்போய் மூன்றாம் நாள் காலையில் செய்யலாம்.

கிளம்புவதற்கு முந்தைய நாலைந்து நாட்களும் முக்கியம். கல்யாண ரிசப்ஷன், தியேட்டர், தி. நகர் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே வாரத்தில் போய்விட்டு, கிட் ஒன்று காப்பாற்றும் என்று இருக்கக் கூடாது. ஊரில் இறங்கிய பிறகு அப்பாவோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள், முற்றத்தில் சாப்பிடுங்கள், மொட்டை மாடியில் பிள்ளைகளை விளையாட விடுங்கள். எல்லோரும் ஒரே ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாய் விரித்துப் படுப்பதுதான் கிருமிக்கு மிகவும் வசதி. வயதானவரை அந்த அறையில் படுக்கவைக்காதீர்கள்.

பாசிட்டிவ் வந்துவிட்டால்? போகக் கூடாது. இது கடினம் என்று அறிவேன். டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது. அம்மா பத்து நாளாக அதிரசத்துக்கும் முறுக்குக்கும் மாவு பார்த்துக்கொண்டிருக்கிறார். “லேசான சளிதானேடா, வந்துட்டுப் போ” என்று அம்மாவே சொல்வார். அவர் சொல்வதால் போகலாம் என்றாகிவிடாது. “அம்மா, எனக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு. அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குற நேரம், இப்ப நான் வரக்கூடாதும்மா. அடுத்த மாசம் ஒரு வாரம் லீவு போட்டு வரேன்” என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. சாக்குச் சொன்னால் மனம் வருந்தும். காரணம் சொன்னால் வீட்டார் புரிந்துகொள்வார்கள். காய்ச்சல் முழுதாக விட்டு, உடம்பு தேறி, இரண்டு நாள் இடைவெளியில் செய்த இரு கிட்டும் நெகட்டிவ் என்றால் போகலாம். பலவீனமானவர் இருக்கும் வீட்டுக்கு, அறிகுறி தொடங்கி பத்து நாள் கடந்த பிறகு போவது இன்னும் நல்லது.

கோவிட் நெகட்டிவ் என்றால் வேறு எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. இன்ஃப்ளூயன்சாவும் முதியவர்களை மோசமாகத் தாக்கும். இரண்டையும் ஒரே பட்டையில் பார்க்கும் கிட்டுகளும் உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி போடுவதானால் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பாவது போட்டுவிடுங்கள். எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

ஊரிலிருந்து திரும்பிய பின் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு பாசிட்டிவ் வந்தால், அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். யார் கொண்டுவந்தது என்ற பேச்சு வரும் என்று தயங்க வேண்டாம். அவர்களுக்கும் தொற்றியிருந்தால் மருந்தைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட்டை அறிகுறி வந்த ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தொண்டை வலி தொடங்கியதுமே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது அவர்கள் தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையில் எடுத்துப்போக வேண்டும். கொழுப்புக்கும், ரத்தம் உறையாமல் இருக்கவும் தரும் சில மாத்திரைகளோடு பாக்ஸ்லோவிட் சேராது.