மூக்கைக் கழுவ உப்பு நீர்: எத்தனை முறை? எந்தத் தண்ணீர்?

தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து கதிரடிக்கும் களங்களில் நெல் தூசியும் சுணையும் பறக்கும். உளுந்து, மக்காச்சோளம் அடிக்கும்போதும், மிளகாய் வற்றல் தரம் பிரிக்கும்போதும், மாட்டுக்கு வைக்கோல் உதறும்போதும் இதே நிலைதான். மாலையில் வீடு திரும்பும் விவசாயிக்கு மூக்கடைப்பு, அடுக்குத் தும்மல், நெற்றிப் பாரம் ஆகியவை ஏற்படுகின்றன. இத்தொல்லையைக் குறைக்க மிதமான உப்பு நீரால் மூக்கினுள் கழுவுவது எளிய, செலவு குறைந்த முறையாகும். ஆனால் தவறான தண்ணீரைப் பயன்படுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

மயிலாப்பூர் முதல் களத்து மேடு வரை

இம்முறை யோகப் பயிற்சியின் வழியே பலருக்கும் அறிமுகமானது. சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி வட்டாரம் யோகக் கலைக்குப் பெயர் பெற்றது. யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரின் பெயரால் 1976-ல் நிறுவப்பட்ட யோக மந்திரம் இவ்வட்டாரத்தில்தான் இயங்குகிறது. யோக முறையில் மூக்கைச் சுத்தம் செய்வதற்கு 'நேத்தி' என்று பெயர். சிறு கெண்டியால் உப்பு நீரை ஒரு நாசியில் விட்டு, மறு நாசி வழியே வெளியேற்றுவது 'ஜல நேத்தி'. நகரத்தாருக்குத் தெருத் தூசியும் வாகனப் புகையும் தொல்லை. விவசாயிக்குக் களத்துத் தூசி தொல்லை. இரு சாராருக்கும் முறை ஒன்றே.

பழைய நூலான ஹட யோகப் பிரதீபிகை, இழையை நாசியில் செலுத்திச் சுத்தம் செய்யும் நேத்தியை விளக்குகிறது. கொழுப்பும் கபமும் மிகுந்தவர்களே இத்தகைய சுத்தி முறைகளைச் செய்ய வேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பதும் அந்நூலின் கருத்து. எத்தனை முறை கழுவலாம் என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே உள்ளது.

மூக்கு தானே செய்யும் வேலை

மூக்கின் உட்புறத்தில் மெல்லிய சளிப்படலம் உண்டு. பெரிய தூசித் துகள்கள் இதில் ஒட்டிக் கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர் இழைகள் இச்சளியைத் தொண்டைப் பக்கமாக ஓயாமல் தள்ளிக் கொண்டிருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் இச்சளியில் உள்ளன. தூசி அளவு மீறும்போதும், ஒவ்வாமையால் சளி கெட்டிப்படும்போதும் இந்த ஏற்பாடு திணறுகிறது. அப்போது உப்பு நீர் தூசியையும் கெட்டிச் சளியையும் இளக்கி வெளியேற்றுகிறது. நன்றாக வேலை செய்யும் மூக்கை அடிக்கடி கழுவினால் பயனுள்ள சளியும் சேர்ந்து போய்விடும்.

எத்தனை முறை?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சைனஸ் தொல்லை உள்ள 76 பேரிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியாயிற்று. ஆறு மாதம் தினமும் ஒருமுறை உப்பு நீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்தது. மருந்தின் தேவையும் குறைந்தது. 2009-ல் அந்நாட்டு ஒவ்வாமை மருத்துவர்கள் மாநாட்டில் வேறுவிதமான முடிவு ஒன்று தெரிவிக்கப்பட்டது. ஓராண்டு தினமும் கழுவி வந்தவர்கள் அதை நிறுத்திய பிறகு, அடுத்த ஆண்டில் அவர்களுக்குச் சைனஸ் அழற்சி குறைவாகவே வந்தது. தொல்லை உள்ளபோது தினமும் கழுவுவது பலன் தரும். தொல்லை நீங்கிய பின்னும் ஆண்டுக் கணக்கில் தொடர்வது தேவையில்லை என்று கொள்வதே பொருத்தமாகும்.

விவசாயிகள் கீழ்க்கண்டவாறு கடைப்பிடிக்கலாம்.

1. தூசி வேலை செய்த நாளில், வேலை முடிந்து குளித்த பின் ஒருமுறை போதுமானது. தூசி வேலை இல்லாத நாளில் தேவையில்லை.

2. சளி, ஒவ்வாமை, சைனஸ் தொல்லை உள்ளபோது தினம் ஒருமுறை கழுவலாம். இரண்டு முறை கழுவுவதை மருத்துவர் யோசனைப்படி செய்வது நலம்.

3. தொல்லை தணிந்ததும் வாரம் இரண்டு, மூன்று முறையாகக் குறைத்து, பிறகு நிறுத்திவிட வேண்டும்.

4. படுக்கைக்குச் செல்லும் நேரத்தில் கழுவக் கூடாது. உள்ளே தங்கிய நீர் வடிந்து இருமலை உண்டாக்கும். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும்.

கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகாது

வெதுவெதுப்பான நன்னீரிலும் மண்ணிலும் 'நெக்லேரியா' என்னும் அமீபா வாழ்கிறது. இது கலந்த நீரைக் குடித்தால் நோய் வருவதில்லை. மூக்கினுள் நீர் ஏறும்போது, வாசனை அறியும் நரம்பின் வழியே மூளைக்குச் சென்று மூளைக் காய்ச்சலை உண்டாக்குகிறது. நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

2024-ல் மே முதல் ஜூலை வரை கேரளத்தில் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த மூன்று சிறுவர் சிறுமியர் இந்நோயால் இறந்தனர். குளிக்கும்போது மூக்கில் புகுந்த நீரே காரணம் எனக் கருதப்பட்டது. அதே ஆண்டு கோழிக்கோடு மாவட்டத்துச் சிறுவன் ஒருவனுக்கு நோய் விரைவில் கண்டறியப்பட்டதால் அவன் பிழைத்தான். 2011-ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருவர் இறந்ததற்கு, நேத்திக் கெண்டியில் குழாய் நீரைக் கொதிக்க வைக்காமல் பயன்படுத்தியதே காரணம். மூக்கு கழுவச் சேர்க்கும் உப்பு இந்த அமீபாவை உடனே கொன்றுவிடாது.

இந்நோய் அரிதானதே. எனினும் வந்தபின் காப்பது கடினம். வராமல் தடுப்பதோ மிக எளிது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே போதும்.

குளத்து நீரால் வேறொரு தொல்லையும் உண்டு. மூக்கினுள் செந்நிறச் சதை வளர்ந்து இரத்தம் கசியும் 'ரைனோஸ்போரிடியோசிஸ்' என்னும் நோய் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதி. தேங்கிய குளங்களில் குளிப்போரிடையே இது அதிகம் காணப்படுகிறது. ஆகவே கண்மாய், குளம், பம்ப்செட் தொட்டி ஆகியவற்றின் நீரை மூக்கால் உறிஞ்சிச் சிந்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

தண்ணீர் தயாரித்தல்

தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்த பிறகு குறைந்தது ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் மூன்று நிமிடம் விடவும். பாத்திரத்தை மூடி வைத்து, உடல் சூட்டளவுக்கு ஆறியதும் பயன்படுத்தலாம். ஆறவைக்கப் பச்சைத் தண்ணீர் கலக்கக் கூடாது. மீதியை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் கொட்டிவிட வேண்டும்.

கேன் தண்ணீரும் வடிகட்டி இயந்திரத்தின் நீரும் குடிக்க ஏற்றவையானாலும், மூக்கு கழுவக் கொதிக்க வைத்தே பயன்படுத்த வேண்டும். டிராக்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் இதற்கு ஆகாது.

உப்பின் அளவு

நெல் விதையைத் தேர்வு செய்ய 10 லிட்டர் நீரில் ஒன்றரை கிலோ உப்பு கரைத்து முட்டையை மிதக்க விடுவது விவசாயிகள் அறிந்ததே. அது லிட்டருக்கு 150 கிராம். மூக்குக்கு லிட்டருக்கு 9 கிராம் மட்டுமே. இரத்தத்தின் உப்புச் செறிவுக்கு இது ஒத்திருப்பதால் எரிச்சல் ஏற்படாது. வெறும் நீர் எரியும். உப்பு மிகுந்தாலும் எரியும், உட்புறம் வறண்டுவிடும். இலைவழி உரத்தின் அளவு கூடினால் இலை கருகுவதைப் போன்றதே இது.

அரை லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு நைசான தூள் உப்பு தேக்கரண்டியில் முக்கால் அளவு, தலை தட்டிப் போட்டால் போதும். எரிச்சல் இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். மண்ணும் அழுக்கும் கலந்திருக்கக் கூடிய கல் உப்பைத் தவிர்க்கவும். மருந்துக் கடையில் இதற்கென்றே அளவிட்ட உப்புப் பொட்டலங்கள் கிடைக்கின்றன. பொட்டலத்தில் குறித்த அளவு நீரில் கரைப்பதே நிச்சயமான வழி.

கழுவும் முறை

முன்புறம் குனிந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். வாயால் மூச்சு விட்டுக் கொண்டே, மேலே உள்ள நாசியில் கெண்டியின் முனையை வைத்து மெதுவாகச் சாய்த்தால் நீர் கீழ் நாசி வழியே வடியும். இவ்வாறு பக்கத்துக்கு ஏறக்குறைய 100 மி.லி. விடலாம். முடிந்ததும் குனிந்து நீரை வடியவிட்டு, ஒவ்வொரு நாசியாக மெல்லச் சிந்த வேண்டும். இரு நாசிகளையும் அழுத்தி வேகமாகச் சிந்தினால் நீர் காதுக்குள் ஏறிவிடும்.

கெண்டியை ஒவ்வொரு முறையும் கொதித்து ஆறிய நீரால் கழுவி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஒருவர் கெண்டியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது.

யாருக்கு ஆகாது?

காதில் சீழ் அல்லது வலி உள்ளவர்கள், மூக்கு முழுவதும் அடைத்துக் கொண்டவர்கள், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர்கள், அண்மையில் மூக்கு, காது அறுவை செய்து கொண்டவர்கள், தலையில் அடிபட்டவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் செய்யக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு வீட்டிலேயே செய்துவிடக் கூடாது.

பத்து நாளுக்கு மேல் சளி நீடித்தாலும், காய்ச்சலோ முக வலியோ இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். மூக்கில் நீர் ஏறிய பன்னிரண்டு நாளுக்குள் கடுமையான தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு கண்டால் சிறிதும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்குச் சென்று, மூக்கில் நீர் ஏறியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முகமூடியே முதல் பாதுகாப்பு

நுரையீரலுக்குள் சென்றுவிட்ட நுண்தூசியை உப்பு நீர் வெளியேற்றாது. பூசணம் பிடித்த வைக்கோலின் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கும், பூச்சி மருந்து தெளித்தபோது உள்ளே சென்ற நஞ்சுக்கும் இது சிகிச்சை அல்ல. மருந்து தெளித்த பின் மூச்சுத் திணறல், மயக்கம் கண்டால் மருந்துப் புட்டியின் லேபிளுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

களத்தில் இறங்கும் முன் முகமூடி அணிவதும், காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டித் தூற்றுவதும் தூசியைப் பெருமளவு குறைக்கும். அதையும் மீறி மூக்கில் சேர்ந்த தூசிக்கு, கொதித்து ஆறிய நீரில் அளவான உப்புக் கரைசலால் நாளுக்கு ஒருமுறை கழுவினால் போதும்.